கடாரத்தில் கிடைத்த அடைக்கலம்

நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த கெடாவுக்கு நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாக வந்து போயின. 18ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்தில் சூலியா முஸ்லிம் வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். அக்காலத்தில் இங்கு நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சயாமில் மன்னருக்கான விசுவாசச் சடங்கு தொடர்பாக எழுந்த மோதலால், 1779இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் கூதே, கார்னோ என்ற இருவரும் 1781இல் கோலக்கெடா வந்து சேர்ந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தவர் சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா. அந்த முஸ்லிம் மன்னர் அவர்களுக்கு இடமளித்து, வழிபடவும் அனுமதித்தார். துறைமுக நாட்டு அரசர் என்பதால் வணிகக் கணக்கும் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனாலும் விரட்டப்பட்டு வந்தவருக்குக் கதவு திறந்தது என்பதே உண்மை. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேறியபோது, கார்னோ தம் மக்களோடு அங்கே சென்றார். பினாங்கின் கத்தோலிக்கத் திருச்சபை இப்படிக் கெடாவிலிருந்து சென்றவர்களால் உருவானது.

இதைப் படிக்கும்போது நமக்கு அபிசீனியா நினைவுக்கு வருகிறது. மக்காவின் கொடுமை தாங்காமல் சென்ற நபித்தோழர்களுக்கு அடைக்கலம் தந்தவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். அங்கே பெற்ற நன்மையைக் கெடா திருப்பிச் செய்ததுபோல் இருக்கிறது.

அடுத்த தலைமுறையில் மலாக்காவில் இன்னொரு உறவு மலர்ந்தது. நாகூரோடு வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்து, தமிழும் கற்றவர் முன்ஷி அப்துல்லா. 1815இல் மலாக்கா வந்த மிஷனரி வில்லியம் மில்னுக்கு அவர் மலாய் கற்பித்தார். அவரிடம் ஆங்கிலம் கற்றார். தாம்சன் பாதிரியாரின் மலாய் நற்செய்தி மொழிபெயர்ப்புக்கு உதவியபோது, மலாய் நடை பிழையாக இருந்த இடங்களில் அவரோடு வாதாடவும் செய்தார். அமெரிக்க மிஷனரி ஆல்ஃபிரட் நார்த் தூண்டியதால் எழுதப்பட்ட 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் அச்சேறியது. இன்று மலாய் இலக்கியத்தில் அது ஒரு மைல்கல்.

இந்த நட்புக்கு அவர் விலையும் கொடுத்தார். ஊரார் 'அப்துல்லா பாதிரி' என்று ஏளனம் செய்தார்கள். அவரோ தம் மார்க்கத்தை விடவில்லை. 1854இல் ஹஜ் பயணம் சென்ற இடத்திலேயே மறைந்தார்.

பின்னர் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் கடை வைத்தார்கள். பால்மரக் காட்டு மக்களில் இந்துக்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பெருநாள் பிரியாணியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் வீடு மாறிய கதையைச் சொல்ல நம் குடும்பங்களில் இன்றும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது இளையோர் கடமை.

பிற மதத்தவரோடு பழகினால் ஈமான் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. முன்ஷியின் வாழ்வு அவர்களுக்குப் பதில். நம் சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுகளிலும் கடாரத்தின் அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.