முதலில் வயரைப் பாருங்கள், பிறகு டிவியைப் பாருங்கள்

"புது டிவி வாங்கணும், 43 இன்ச் போதுமா, 55 வாங்கலாமா?" இந்தக் கேள்வியை நம் லிஃப்டில் நீங்களும் கேட்டிருப்பீர்கள், அல்லது நீங்களே கேட்டிருப்பீர்கள். பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் இன்னும் அதிகம். பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். சென்னைக்கு டிவி வந்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது. அன்று முதல் இன்று வரை நாம் எல்லாரும் கடையில் திரையைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வாங்கிய டிவி வீட்டில் எப்படி உழைத்தது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது திரை இல்லை. படம் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்பதுதான்.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முயற்சியாக ஒளிபரப்பு தொடங்கியது. மும்பைக்கு 1972-இல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று டிவி என்றால் கறுப்பு வெள்ளை. மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் ஷட்டர் கதவு, சிலவற்றில் பூட்டும் உண்டு. நம்மூர்க் கம்பெனிகளான சாலிடேர், டயனோரா, ஹைதராபாத்தின் பொதுத்துறை நிறுவனம் தயாரித்த இ.சி. டிவி, கேரள அரசின் கெல்ட்ரான் என்று சில பெயர்கள் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். இருந்தது ஒரே சேனல். அதனால் எந்தக் கம்பெனி டிவி நல்லது என்பதைவிட, மொட்டை மாடியில் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே பெரிய விஷயம். ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் பால்கனியில் நின்று கத்த, ஒருவர் டிவி முன் உட்கார்ந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு, ஐயோ போயிடுச்சு" என்று சொல்ல, ஒரு டிவிக்கு மூன்று பேர் வேலை செய்தார்கள். காக்கா வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

தென் மாவட்டக் கடலோரத்துக்காரர்களின் கதை வேறு. சென்னை ஒளிபரப்பு அங்கே எட்டவில்லை. ஆனால் 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடல் தாண்டி அந்தப் படம் வந்தது. உயரமான கம்பம், அதில் ஆன்டெனா, கூடவே ஒரு பூஸ்டர். கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வரும்வரை தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் பல வீடுகளில் டிவி என்றாலே ரூபவாஹினிதான். அங்கே டிவியோடு சேர்த்துக் கம்பத்துக்கும் செலவு செய்தார்கள். சரியான கணக்கு என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, இளையவர்கள் நம்ப மாட்டார்கள்: டிவி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1985-இல்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 1982. அந்த வருட சுதந்திர தின விழாவும், நவம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் கலரில் வந்தன. கலர் டிவி வாங்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த உறவினர்கள் கொண்டுவந்த செட்டுகள் இங்கே வந்ததும் வேலை செய்தன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததில் சிக்கல். இந்தியா தேர்ந்தெடுத்தது பால் என்ற முறை. படத்தில் 625 கோடுகள். அமெரிக்காவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. என்ற முறையில் இருந்தன. அங்கே 525 கோடுகள். மின்சாரமும் அங்கே 110 வோல்ட் அளவில்தான். திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தால் என்ன, நம்மூர் சிக்னல் அதற்குப் புரியாது.

வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், 1987-இல் ஞாயிறு காலை ராமாயணம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே ஹாலில் கூடிய காலம் அது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

1991-க்குப் பிறகு கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. மொட்டை மாடி ஆன்டெனாக்கள் துருப்பிடிக்க, மாடிக்கு மாடி கறுப்பு வயர் ஓடியது. அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் இன்றும் அறுந்து தொங்கும் வயர்களில் சில அந்தக் காலத்தவை. அப்போது பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு ஒரு சோதனை. எட்டு அல்லது பன்னிரண்டு பட்டன்தான் இருக்கும். கேபிளில் வருவதோ அதைவிட அதிகம். படம் நன்றாகத்தான் இருந்தது, பிக்சர் டியூப் இன்னும் பத்து வருடம் உழைக்கும், ஆனாலும் டிவியை மாற்றினார்கள். கடைகளில் "ஹைப்பர் பேண்ட்", "99 சேனல்" என்று ஒட்டி விற்றார்கள். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம்.

அந்தக் கூடுதல் விலை எவ்வளவு நாள் பயன்பட்டது? 2003 செப்டம்பர் 1 அன்று, நாட்டிலேயே முதலாகச் சென்னையில், கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்ற முறை அமலுக்கு வந்தது. பல வீடுகள் பாக்ஸ் வாங்காமல் இலவசச் சேனல்களோடு காலம் தள்ளின. ஆனால் டி.டி.எச். வந்து, கேபிளும் டிஜிட்டல் ஆனபின் பாக்ஸ் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. சேனல் மாற்றுவது பாக்ஸின் வேலை ஆனது. டிவிக்குள் இருந்த 99 சேனலும் சும்மா கிடந்தன. ரிமோட் இரண்டானது. வீட்டுப் பெரியவர்கள் கஷ்டப்பட ஆரம்பித்ததும் அப்போதுதான். எதை முதலில் அமுக்குவது என்று தெரியாமல், பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தாத்தா பாட்டிகள் உண்டு.

இதற்கிடையே தட்டைத் திரை வந்தது. திரையின் வடிவமே மாறியது. பழைய டிவி அகலம் 4 என்றால் உயரம் 3; புதியது 16-க்கு 9. இன்ச் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அதனால் 29 இன்ச் பழைய டிவியைக் கொடுத்துவிட்டு 32 இன்ச் தட்டை டிவி வாங்கியவர்கள் பெரிதாக்கிவிட்டதாக நினைத்தார்கள். உண்மையில் பழையதன் உயரம் சுமார் 17 இன்ச், புதியதன் உயரம் சுமார் 16 இன்ச்தான். பழைய சினிமாவைப் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு படம் முன்னைவிடச் சிறிதாகத் தெரிந்தது. பட்டை வேண்டாம் என்று இழுத்து நிரப்பினால் சிவாஜியும் எம்.ஜி.ஆரும் குண்டாகிவிட்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். 43-ஆ, 55-ஆ? முதலில் டேப் எடுத்து சோபாவிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். அடுத்து, உங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது எது என்று பாருங்கள். சாதாரணச் சேனல் என்றால் திரையின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் படம் கண்ணுக்கு இதமாக இருக்கும். எச்.டி. என்றால் மூன்று மடங்கு போதும். 4கே என்றால் இன்னும் நெருங்கலாம். 43 இன்ச் டிவியின் உயரம் சுமார் 21 இன்ச். சாதாரணச் சேனலுக்குப் பத்தரை அடி வேண்டும். 55 இன்ச் டிவியின் உயரம் 27. அதே சேனலுக்குப் பதிமூன்றரை அடி. நம்மைப் போன்ற ஃபிளாட்டுகளின் ஹாலில் அத்தனை தூரம் எங்கே இருக்கிறது? பத்து அடியில் உட்கார்ந்து 55-இல் சாதாரண சீரியல் பார்த்தால், நடிகையின் முகத்தைவிடப் புள்ளிகள்தான் தெரியும். அதே 55-இல் எச்.டி. பார்த்தால் ஏழு அடியிலேயே அருமையாக இருக்கும். ஆகவே பெற்றோர் நாள் முழுக்கச் சாதாரணச் சேனல் பார்க்கும் வீட்டுக்கு 43 நல்லது. இன்டர்நெட் வழியாகவோ எச்.டி. பேக் போட்டோ பார்க்கும் வீட்டுக்கு 55 தாராளமாக வாங்கலாம். எச்.டி. பேக்குக்கு மாதம் பணம் கட்டிவிட்டு, பாக்ஸிலிருந்து டிவிக்கு இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று பின் வயரைத்தான் மாட்டியிருக்கிறீர்களா? அந்த வயரில் எச்.டி. வராது. எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டுங்கள். சில வீடுகளில் புது டிவி ஆசையே அதோடு தீர்ந்துவிடும்.

கடையில் ஓடுவது கடலும் கிளியும் பூவும் காட்டும் டெமோ படம். அதில் எல்லா டிவியும் அழகுதான். "அதை நிறுத்துங்க தம்பி, சாதாரண நியூஸ் சேனல் ஒண்ணு போடுங்க" என்று கேளுங்கள். போட மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஸ்மார்ட் டிவி என்று கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அன்றைய 99 சேனல் போலத்தான் இதுவும். திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் மென்பொருள் அதற்கு வெகு முன்பே கிழடாகி, ஆப் ஒவ்வொன்றாக வேலை செய்ய மறுக்கும். அப்போது டிவியை மாற்ற வேண்டாம். பின்னால் சொருகும் ஸ்டிக் ஒன்று சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அதனால் வாங்கும்போது எச்.டி.எம்.ஐ. ஓட்டைகள் குறைந்தது மூன்று இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பணத்தைத் திரைக்குக் கொடுங்கள். 3டி கண்ணாடி, வளைந்த திரை என்று விற்றதெல்லாம் இன்று எங்கே என்று யோசித்தால், புது அம்சங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாகச் சுவர். நம்மைப் போன்ற கட்டடங்களில் கட்டுநர் ஹாலில் கொடுத்திருப்பது கேபிள் பாயின்ட் மட்டும்தான். இன்டர்நெட் வயர் வரும் இடம் வாசல் பக்கம். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று முதலில் எலக்ட்ரீஷியனோடு பேசிவிட்டு, பிறகு டிவி மாட்டும் இடத்தை முடிவு செய்யுங்கள். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கட்டும், சாமி படம் மாதிரி மேலே மாட்டாதீர்கள். சுவருக்குள் மின்சாரக் குழாய் போகிறதா என்று பார்த்து டிரில் போடச் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மட்டும் வேண்டாம்.