அடுப்பை எண்ணினார்கள், ஜன்னலை எண்ணினார்கள், இப்போது சூட்டை எண்ணுகிறார்கள்

வீட்டில் எத்தனை அடுப்பு இருக்கிறது என்று எண்ணி வரி போட்ட அரசாங்கம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில், 1662ஆம் வருஷம், இரண்டாம் சார்லஸ் ராஜா காலத்தில். குளிர்காயும் கணப்படுப்பு ஒன்றுக்கு வருஷத்துக்கு ரெண்டு ஷில்லிங். வீட்டுச் சொந்தக்காரர் கட்டும் வரி இல்லீங்க, குடியிருப்பவர் கட்டும் வரி. வரிக்காரன் கூடம், சமையலறை, படுக்கையறை என்று உள்ளே புகுந்து எண்ணுவான். நம்ம வீட்டுக்குள் எவனோ நுழைந்து அடுப்பை எண்ணினால் எப்படி இருக்கும்? ஜனங்களுக்கு அவ்வளவு வெறுப்பு. 1689இல் புது ராஜா வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைத்தான் எடுத்தார்கள்.

ஆனால் கஜானாவுக்குக் காசு வேண்டுமே. 1696இல் ஜன்னல் வரி வந்தது. ஜன்னலைத் தெருவில் நின்றே எண்ணிவிடலாம், உள்ளே போகத் தேவையில்லை. பத்து ஜன்னலுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை, மேலே போனால் கூடுதல். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வரியை எடுக்க 1851 ஆயிற்று. அப்படி அடைத்த ஜன்னல்களை இங்கிலாந்தின் பழைய தெருக்களில் இன்றும் பார்க்கலாம்.

நடுவில் 1784இல் செங்கலுக்கும் வரி வந்தது. எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் கல்லைப் பெரிசாக்கிவிட்டார்கள்.

இந்த மூன்று கதையையும் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டில் எதை எண்ணினாலும் வீடு அதற்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். இப்போது அதே நாட்டில் வீட்டின் சூட்டை எண்ணுகிறார்கள். இதில் மாட்டிக்கொண்டு முழிப்பது நூறு, நூற்றைம்பது வருஷத்துப் பழைய வீடுகள்.

என் தங்கச்சி மகன் அங்கே ஒரு பழைய வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். வீட்டுக்காரர் கொடுத்த தாள் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நீங்க பழைய வீடு, சுண்ணாம்புன்னு எழுதுவீங்களே, இதைப் பாருங்க" என்றான். ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டியிருக்குமே, அது மாதிரி வீட்டுக்கு ஒட்டிய சீட்டு அது. பச்சையில் ஏ, சிவப்பில் ஜி, நடுவில் கலர் கலராக மற்ற எழுத்துகள். அவன் வீட்டுக்கு ஈ. கீழே, சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ காப்புப் போடுங்கள், செலவு 4,000 முதல் 14,000 பவுண்டு என்று போட்டிருந்தது. எரிசக்திச் செயல்திறன் சான்றிதழ் என்று பெயர். சுருக்கமாக இ.பி.சி.

இது எங்கிருந்து வந்தது? வேர் 1973இல் இருக்கிறது. அந்த வருஷம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சில மாசத்தில் விலை ஏறக்குறைய நாலு மடங்கு ஆனது. குளிர்நாட்டுக்காரனுக்கு எண்ணெய் காருக்கு மட்டும் இல்லை, உயிர் பிழைக்கவும் வேண்டும். வீடு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று கணக்குப் போட அப்போதுதான் அக்கறை வந்தது. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஒரு கணக்கு முறையை உருவாக்கியது. 1986இல் மில்டன் கீன்ஸ் ஊரில் 50 வீடுகளுக்கு மேல் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எரிபொருள் செலவு இவ்வளவு என்று எண் போட்டுக் கண்காட்சி வைத்தார்கள். 1993இல் அரசாங்கமே 'சாப்' என்ற கணக்கு முறையை வெளியிட்டது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம், விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் வீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் செல்லாது என்று உத்தரவு போட்டது. இங்கிலாந்தில் 2007 ஆகஸ்டில் முதலில் நாலு படுக்கையறை வீடுகளுக்கு வந்து, அந்த வருஷக் கடைசிக்குள் விற்பனைக்கு வரும் எல்லா வீட்டுக்கும் வந்தது. 2008 அக்டோபரில் வாடகை வீட்டுக்கும்.

நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம். வீடு வாங்குபவன் குளிர்காலச் செலவைப் பார்க்கக் கூடாதா? சிக்கல், பல்லைப் பார்த்த விதத்தில் இருக்கிறது.

சான்றிதழ் கொடுக்க வருபவர் சுவரைத் துளைக்க மாட்டார். கருவி வைத்துச் சூட்டை அளக்க மாட்டார். எந்தக் காலத்து வீடு, சுவர் என்ன வகை, என்ன கனம், ஜன்னல், பாய்லர், கூரைக்கடியில் பஞ்சு எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். மீதியைக் கம்ப்யூட்டர் ஊகிக்கும். 1900க்கு முந்தையது என்றால் ஒரு பட்டியல், 1900 முதல் 1929 வரை என்றால் இன்னொரு பட்டியல். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் இல்லை. எல்லார் வீட்டிலும் கூடத்தில் 21 டிகிரி, வார நாளில் 9 மணி நேரம் சூடு என்று வைத்துக்கொள்ளும்.

நமக்கு இது புதுசு இல்லை. 2015இல் மண் வள அட்டைத் திட்டம் வந்ததே, அதில் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. ஆறு ஏக்கருக்கு ஒரு இடத்தில் மண் எடுத்து எல்லாருக்கும் அட்டை. என் பெயரில் இருக்கும் அட்டையில் பக்கத்துக் காட்டு மண் இருக்கலாம். ஒரு வட்டாரத்துக்கே உரம் திட்டமிட அது போதும். என் காட்டுக்கு எத்தனை மூட்டை என்று கேட்டால் போதாது. இ.பி.சி.யும் அப்படித்தான். நாட்டுக்குக் கணக்கு, வீட்டுக்கு ஊகம்.

அந்த ஊகம் எவ்வளவு தப்பிற்று என்பதும் பிறகு தெரிந்தது. சுவர் சூட்டைக் கடத்தும் வேகத்துக்கு 'யு மதிப்பு' என்று ஒரு எண் உண்டு. உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெளியே போகிறது என்பது அது. எண் குறைந்தால் நல்லது. நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது இஞ்ச் செங்கல் சுவருக்கு 2.1 என்று பட்டியலில் போட்டு வைத்திருந்தார்கள். கட்டட ஆராய்ச்சி நிலையமே ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் போய் சுவரில் கருவி ஒட்டி அளந்தது. 2014இல் வெளியான அந்த அளவில் சராசரி 1.57. அதாவது பழைய சுவர் விடும் சூட்டை மூன்றில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். 2017இல் பட்டியலை 1.7 என்று திருத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை: 1965இல் வந்த கட்டட விதிகள் புது வீட்டுச் சுவருக்கு அனுமதித்த உச்ச அளவும் அதே 1.7தான். தாத்தாவும் பேரனும் ஒரே உயரம், தாத்தாவை மட்டும் குள்ளன் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

தப்பு எண்ணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாளில் எழுதிய வைத்தியம்தான் பெரிய விஷயம்.

இங்கிலாந்தில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகு. அதற்கு முந்தைய வீடு கல்லோ செங்கல்லோ, ஒரே சுவர், சுண்ணாம்புச் சாந்து. இந்தச் சுவர் மழையை ஒரேயடியாகத் தடுக்காது. கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் கக்கிவிடும். நம்ம ஊர் மண் சுவரும் சுண்ணாம்புக் காரையும் அதே குணம்தான். அதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும் என்று கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்து, காரை பொக்கு விட்டு விழும். ஈரமான சுவர் காய்ந்த சுவரை விடச் சூட்டை வேகமாகக் கடத்தும். அதாவது, சூட்டைக் காப்பாற்றப் போட்ட போர்வையே ஈரத்தைப் பிடித்து வைத்தால் வீடு இன்னும் குளிரும்.

பிரெஸ்டன் நகரத்தின் ஃபிஷ்விக் பகுதியில் அரசாங்கம் கொண்டு வந்த திட்டத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சுவர்க் காப்புப் போட்டார்கள். வேலை சரியில்லாமல் தண்ணீர் உள்ளே இறங்கி, வீடு வீடாகப் பூஞ்சை பிடித்தது. அது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாடம் கற்றார்களா? 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது: பிந்தைய திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்புப் போட்ட வீடுகளில் 98 சதவீதத்திலும், உட்சுவர்க் காப்புப் போட்டவற்றில் 29 சதவீதத்திலும் சரிசெய்ய வேண்டிய கோளாறு. சுவரைத் தொட்டுப் பார்க்காமல் எழுதிய சீட்டு, அவசரமாகச் செய்த வேலை, ரெண்டும் சேர்ந்தால் இதுதான்.

பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் ஏற்றிய வீடுகளுக்கு விலக்கு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அந்த 2012 விதியைப் படித்தால் தலை சுற்றும். குறைந்தபட்சத் தரத்துக்குக் கொண்டுவரச் செய்யும் வேலை வீட்டின் குணத்தையும் தோற்றத்தையும் ஏற்க முடியாத அளவுக்கு மாற்றும் என்றால், சான்றிதழ் தேவையில்லை. என்ன வேலை தேவைப்படும் என்று எப்படித் தெரியும்? சான்றிதழ் எடுத்தால்தான் தெரியும்! சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவே சான்றிதழ் வேண்டும். வருஷக்கணக்காக வக்கீல்களும் வீட்டுக்காரர்களும் இதில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

கிராமத்து வீடுகளுக்கு இன்னொரு அடி. ஏ, பி, சி எழுத்து எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை வைத்து வருவதில்லை, எத்தனை காசு செலவாகிறது என்பதை வைத்து வருகிறது. டவுனில் குழாய் எரிவாயு மலிவு. அந்தக் குழாய் போகாத கிராமத்தில் எண்ணெயோ மின்சாரமோ எரிக்க வேண்டும். ஒரே மாதிரி சுவர், ஒரே கனம், ஆனால் கிராமத்து வீட்டுக்கு மட்டம் கீழே.

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் குளிரில் நடுங்குபவன் வாடகைக்காரன். 2018 ஏப்ரல் முதல் எஃப், ஜி வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் வந்தது. 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும். விதிவிலக்குகள் உண்டு, வீட்டுக்காரர் செலவுக்கு 3,500 பவுண்டு என்று உச்சவரம்பும் உண்டு. இருந்தாலும், "உன் வீட்டைச் சரிசெய்யாமல் வாடகை வாங்காதே" என்று சொல்ல வாடகைக்காரன் கையில் ஒரு காகிதம் கிடைத்தது இதனால்தான். அடுப்பு வரியில் எண்ணிய கணக்குக்குக் காசு கொடுத்தவன் குடியிருப்பவன். இந்தக் கணக்கில் முதல்முறையாக வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழமையைக் காக்கிறோம் என்ற பெயரில் அடுத்தவனைக் குளிரில் விட நமக்கு உரிமை இல்லை.

அதனால் கேள்வி தாள் வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை. அதில் என்ன எழுதுகிறோம் என்பதுதான். பழைய வீட்டுக்குப் பழைய வைத்தியமும் உண்டு. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். உள்பக்க மரக்கதவை மூடினாலே சூடு போவது 51 சதவீதம் குறைந்தது. உள்ளே இன்னொரு கண்ணாடி வைத்தால் 63 சதவீதம். பாட்டி காலத்து மரக்கதவு பாதி வேலையைச் செய்கிறது! கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து சுவரைக் காயவைப்பது, சிமென்ட்டைக் கொத்திச் சுண்ணாம்பு பூசுவது, இடுக்கில் வரும் காற்றை அடைப்பது, கூரைக்கடியில் பஞ்சு போடுவது: இதையெல்லாம் முடித்துவிட்டு அப்புறம் பெரிய செலவைப் பார்க்கலாம். தங்கச்சி மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். அரசாங்கமும் 2024 டிசம்பரில், ஒரே எழுத்துக்குப் பதில் சுவர்-கூரை நிலை, சூடேற்றும் கருவி, செலவு என்று தனித்தனியாகக் காட்டலாமா என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்டது.

நம்ம நாட்டிலும் இது வந்துகொண்டிருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய அரசு 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கு ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் கட்டும் புது வீடுகளுக்கு. அங்கே சூடு வெளியே போகிறது என்று கவலை, இங்கே சூடு உள்ளே வருகிறது என்று கவலை. கணக்கு ஒன்றுதான். நகரத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு ஊரில் ஒரு ஓட்டு வீடோ காரை வீடோ பூட்டிக் கிடக்கும். ஒருநாள் அதற்கும் ஒரு எழுத்துப் போட யாராவது வரலாம். வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுங்க. கொடுத்துவிட்டு, "அளந்து சொல்றீங்களா, வருஷத்தைப் பார்த்துச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடுங்க.