கோவாப் பொடியின் பூர்வீகம்

19ஆம் நூற்றாண்டில் பம்பாய் மருந்துக் கடைகளில் படர்தாமரைக்கென்று ஒரு பொடி விற்றது. போர்த்துகீசியரின் கோவா வழியாக வந்ததால் கோவாப் பொடி. எலுமிச்சைச் சாற்றிலோ காடியிலோ குழைத்துப் பூசுவார்கள். படை மறையும், தோலிலும் துணியிலும் ஏறிய கறை லேசில் போகாது. கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அது எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பது மட்டும் மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை.

1874இல் ஜோசப் ஃபேரர் இதைப் பற்றி லண்டன் மருத்துவ இதழொன்றில் எழுதினார். பிரேசிலின் பாஹியாவில் அதைப் படித்த மருத்துவர் ட சில்வா லீமா, இது தங்கள் ஊர் ‘அரரோபா’தான் என்று அடையாளம் காட்டினார். பாஹியாக் காடுகளில் வளரும் ஒரு பெருமரத்தின் வைரப்பகுதியில், வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இந்தப் பொடி படிந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்து சுரண்டி எடுப்பவர்களுக்குக் கண்ணும் முகமும் எரிந்து வீங்கும். அந்த மரத்துக்குத் தாவரவியல் பெயர் கிடைத்தது 1879இல். அதற்குள் பொடி கடல் கடந்து பல காலம் ஆகியிருந்தது.

1875இல் லண்டன் வேதியியலர் அட்ஃபீல்ட், பொடியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிரைசோஃபானிக் அமிலம் என்றார். லீபர்மனும் சைட்லரும் 1878இல் அதைத் திருத்தினர்: முதன்மைப் பொருள் கிரைசரோபின், அது காற்றுடன் வினைபுரியும்போதுதான் அந்த அமிலம் உண்டாகிறது. இதற்கிடையில், சோரியாசிஸைப் படர்தாமரை என்று எண்ணிப் பொடியைப் பூசிய ஒருவருக்கு நோய் தணிந்ததை லண்டன் தோல் மருத்துவர் பால்மனோ ஸ்குவையர் கவனித்தார். அதன் பிறகு பொடிக்குப் பெரிய வேலை சோரியாசிஸில்தான். முதல் உலகப் போரில் பிரேசில் சரக்கு நின்றுபோக, ஜெர்மானியர் அதற்கு ஈடாக டித்ரனாலைச் செயற்கையாகத் தயாரித்தனர். 1916இல் அது சிகிச்சைக்கு வந்தது.

பொடி பூஞ்சையைக் கொன்றதா, பூஞ்சை குடியிருக்கும் மேல்தோலை உரித்துத் தள்ளியதா? நோயாளியின் உடம்பை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. ஆய்வகத் தட்டில் பூஞ்சையை வளர்த்து, மூலிகைச் சாற்றைத் தனியே வைத்துப் பார்க்கும் முறை பின்னர் இதற்குத்தான் உதவியது. தட்டில் தோல் இல்லை. வளர்ச்சி தடைபட்டால் அது சாற்றின் வேலையே. தட்டில் ஜெயித்த சாறு தோலில் ஊடுருவுமா என்பது வேறு சோதனை.

இப்படி அதிகம் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, நம் ஊரில் வண்டுகொல்லி என்றும் வழங்கும் சீமையகத்தி. இதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததே. இலையில் கிரைசோஃபானிக் அமிலம் உண்டு. எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் படைக்குப் பூசுவது பழைய கைவைத்தியம். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை தேர்ந்தெடுத்த பத்து மூலிகைகளில் தோல் பூஞ்சைக்கென இடம்பெற்றதும் இதுதான்.