தலைவர் வேறு, மக்கள் வேறு: புதுச்சேரி வரலாற்றிலிருந்து

ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு முதியவர்கள் சிலர் வருவார்கள். வேகாத வெயிலிலும் கோட்டு, நெஞ்சில் பதக்கம். ஊரில் இவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள். பிரெஞ்சுக் கொடிக்கும் இந்தியக் கொடிக்கும் மரியாதை செய்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வருடம் எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்களோடு அங்கே நின்றிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் சொன்னான்: "ஆளுங்கதான் தோழர் இங்க, மனசு பூரா பாரிஸ்ல. அங்க எவன் ஆண்டாலும் இவங்க அவனுக்குத்தான் ஜே போடுவாங்க." எல்லோரும் சிரித்தோம். நாங்களும்தான்.

அதே தம்பி அதற்கு ஒரு வாரம் முன்பு கோபத்தில் கொதித்துப்போய் வட்டத்துக்கு வந்திருந்தான். வகுப்பில் ஒருவன், "உங்க காலனி ஓட்டெல்லாம் மொத்தமா அவருக்குத்தானே? தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டுப் போட்ருவீங்க" என்று சொல்லியிருக்கிறான். "எங்க அப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி, எங்க அம்மா யாருக்குப் போடுதுன்னு எங்களுக்கே தெரியாது. இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

இரண்டும் ஒரே பேச்சுதான் என்று அன்று கடற்கரையில் அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு கூட்டத்தை ஒரு தலைவரின் பெயரோடு ஒட்டிவிட்டு, ஆளுக்கு ஆள் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதும் பேச்சு. இந்தப் பேச்சு எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொள்ள நம் ஊர் வரலாறே போதும்.

முதலில், புதுச்சேரிக்காரர்கள் ஏன் பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள் என்று பார்ப்போம். 1873இல் பொன்னுத்தம்பி என்ற வேளாள வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காக அபராதம் போட்டார்கள். வழக்கு பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் வென்றார். பிறகு 1881 செப்டம்பர் 21இல் ஓர் ஆணை வந்தது. தன் சாதி வழக்கத்தையும் மதச் சட்டத்தையும் துறந்து எழுதிக் கொடுப்பவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம், புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனார். கிறிஸ்தவர்களும், அவர்களில் பெருமளவில் தலித்துகளும் இந்த வழியில் போனார்கள்.

சேரியில் பிறந்த ஒருவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது பாரிஸில் யார் அதிபர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாதியைச் சொல்லாத ஒரு பெயர், பிள்ளைக்கு அரசு வேலைக்கான ஒரு வாசல், தெருவில் நிமிர்ந்து நடக்க ஒரு சட்டம், இவைதான் அவர் கேட்டவை. ஊர் சாதிக்காரர்கள் அதைத் துரோகம் என்றார்கள். ஆட்சியும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்று பட்டியலாகப் பிரித்தது. 'நீயும் பிரெஞ்சுக்காரன்தான்' என்று சொல்லிவிட்டு, வாக்குப் பட்டியலில் மட்டும் தனி வரிசையில் நிற்க வைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவரெல்லாம் பிரெஞ்சு ஆட்சியாளருக்கு ஜே போட்டவர் என்றால், அந்தத் தனி வரிசையில் நின்றவரின் மனதை நாம் எதில் சேர்ப்பது?

அடுத்து 1936. அந்த ஆண்டு மே, ஜூனில் பிரான்சின் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், சம்பளத்தோடு விடுமுறையும் அவர்களுக்குக் கிடைத்தன. ஜூலை 30இல் புதுச்சேரியில் அதே உரிமைகளைக் கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். சுட்டதும் பிரான்ஸ்தான். வ. சுப்பையா தலைமையில் இங்கே நின்றவர்கள் கேட்டதையே இரண்டு மாதம் முன்பு கேட்டு வென்றதும் பிரான்ஸ்தான். 'பிரெஞ்சுக்காரன்' என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டையும் அடைத்தால், யார் நம் எதிரி, யார் நம் தோழர் என்ற கணக்கே தப்பிவிடும்.

நான்கே ஆண்டில் இன்னொரு சோதனை வந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஹிட்லரிடம் தோற்றது. மார்ஷல் பெத்தேன் விஷியில் ஆட்சி அமைத்தார். லண்டனுக்குப் போன தெ கோல் அந்த ஆட்சியை ஏற்க மறுத்துச் 'சுதந்திர பிரான்ஸ்' என்று அறிவித்தார். புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வின் செப்டம்பரில் தெ கோல் பக்கம் சேர்ந்தார். சைகோனை ஆண்ட அட்மிரல் தெக்கூ பெத்தேன் பக்கமே நின்றார். அன்றைக்குச் சைகோனில் காவல்துறை, சுங்கம் போன்ற அரசு வேலைகளில் புதுச்சேரி, காரைக்கால் ரெனோன்சான்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அண்ணன் புதுச்சேரியில், தம்பி சைகோனில் என்று இருந்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே குடியுரிமை, ஒரே குடும்பப் பெயர். ஆனால் அண்ணன் இருந்த ஊரில் பெத்தேனை ஏற்பது துரோகம், தம்பி இருந்த ஊரில் தெ கோலை ஏற்பது துரோகம்.

இந்த இரண்டில் எதிலும் அடங்காதவர்களும் இருந்தார்கள். சைகோனில் வசதியாக வாழ்ந்த புதுச்சேரித் தமிழரான லியோன் புருஷாந்தி பிரெஞ்சுக் குடிமகன். அவர் தன் வீட்டைச் சுபாஷ் சந்திர போஸின் இயக்கத்தோடு சேர்ந்த இந்திய சுதந்திர லீக்குக்குக் கொடுத்தார். போருக்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. ஒரே ஊரிலிருந்து, ஒரே குடியுரிமையோடு கப்பலேறியவர்கள் இவ்வளவு விதமாக நின்றிருக்கிறார்கள்.

இனி கீழூர். புதுச்சேரியின் எதிர்காலத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள் என்று 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் அறிவித்தன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19இல் அப்படி நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேரும், எதிராக 114 பேரும் வாக்களித்தார்கள். அந்த 114 பேரும் எண்ணப்பட்டார்கள். புதுச்சேரியில் அந்த நேரடி வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடியவர்கள் சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமான 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

இணைப்பை நாம் குறை சொல்லவில்லை. காலனி ஆட்சி போனது சரி. அதற்காகச் சிறை போனவர்களுக்கும் உயிர் கொடுத்தவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். நாம் சொல்ல வருவது வேறு. பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் எதுவார் குபேர் பல ஆண்டுகள் பிரெஞ்சு ஆட்சியின் தூணாக இருந்தார். அப்போது 'புதுச்சேரி மக்கள் பிரான்சோடு இருக்கிறார்கள்' என்று பாரிஸ் சொன்னது. 1954 மார்ச்சில் அவர் இணைப்பின் பக்கம் சாய்ந்தார். உடனே 'புதுச்சேரி மக்கள் இந்தியாவோடு இருக்கிறார்கள்' என்றது டெல்லி. ஒரு தலைவர் பக்கம் மாறினார் என்பது உண்மை. ஆனால் மூன்று லட்சம் பேரின் மனம் அதே வாரத்தில் திரும்பியது என்று எந்தக் கணக்கில் எழுதுவது? பாகூர் வயலில் நாற்று நட்ட அம்மாவிடம் பாரிஸும் கேட்கவில்லை, டெல்லியும் கேட்கவில்லை.

1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே வசித்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயம், பிள்ளைகளின் எதிர்காலம், சாதிப் பெயர் இல்லாத குடும்பப் பெயர் என்று வீட்டுக்கு வீடு காரணம் இருந்தது. அந்தக் காரணங்கள் எல்லாம் இன்று 'மனசு பாரிஸ்ல' என்ற ஒற்றைக் கிண்டலில் காணாமல் போகின்றன.

தோழர்களே, நம்மைக் கேட்காமல் நம் பெயரில் பேசுவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் தீண்டப்படாத மக்களுக்கும் தானே பிரதிநிதி என்றார் காந்தி. அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால் தானே முதலிடம் பெறுவேன் என்றும் சொன்னார். அம்பேத்கர் அதை நேருக்கு நேர் மறுத்தார். ரெட்டமலை சீனிவாசனும் அந்த மாநாட்டில் நம் தனிக் குரலாக இருந்தார். இந்தியாவே காந்தியின் பின்னால் நிற்கிறது என்று உலகம் நம்பிய நேரத்தில், 'நாங்கள் நிற்கவில்லை' என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள். அவர்களைத் தேசத் துரோகிகள் என்று ஏசினார்கள். 1932 செப்டம்பரில் காந்தியின் பட்டினிப் போராட்டத்துக்கும் பூனா ஒப்பந்தத்துக்கும் பிறகு தனி வாக்காளர் தொகுதி நம் கையைவிட்டுப் போனது. 'ஒரே தேசம், ஒரே தலைவர், ஒரே மனம்' என்ற பேச்சுக்கு நாம் கொடுத்த விலை அது.

அந்த விலையைக் கொடுத்த நாமே இன்னொருவர் மீது அதே முத்திரையைக் குத்தலாமா? 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்தது இனப்படுகொலை. அதற்காகத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தெருவுக்கு வந்தது நியாயம். ஆனால் 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கைப் பக்தர்களின் பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. 2013 மார்ச்சில் தஞ்சாவூரில் ஒரு புத்த பிக்கு அடிக்கப்பட்டார். 'சிங்களவன் என்றால் ராஜபக்சே ஆள்' என்ற கணக்கில் விழுந்த அடிகள் இவை. அந்த ராஜபக்சே ஆட்சியை எழுத்தில் எதிர்த்த லசந்த விக்ரமதுங்க சிங்களவர். 2009 ஜனவரி 8இல் கொழும்பில் கொல்லப்பட்டார். 2010 ஜனவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிரகீத் எக்னெலிகொடவும் சிங்களவர்தான்.

இதனால் யாருக்கும் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. ஆணையிட்டவர், சுட்டவர், அதை மேடையில் கொண்டாடியவர், அதில் லாபம் பார்த்தவர், வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தவர் எல்லோரிடமும் கணக்குக் கேட்க வேண்டும். 'அந்த நாட்டுக்காரன் எல்லாம் அப்படித்தான்' என்று மொத்தமாகச் சொல்லும்போது தப்பிப்பவர்கள் இந்தக் குற்றவாளிகள்தான். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள அவர்களுக்கு நாமே இடம் கொடுத்துவிடுகிறோம். அங்கே எதிர்த்து நின்று, நம்மோடு கைகோத்திருக்க வேண்டியவரை அடித்து விரட்டிவிடுகிறோம்.

அன்று கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் இந்தக் கதைகளில் சிலவற்றைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். அந்தத் தம்பி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அவன் தெருவிலேயே ஒரு சொல்தா தாத்தா இருக்கிறாராம். இத்தனை வருடமாக வணக்கம் மட்டும் சொல்லிக் கடந்து போயிருக்கிறான். "போய் உக்காந்து கேட்டேன் தோழர். எந்தச் சண்டைக்கு அனுப்புனாங்க, ஏன் போனீங்கன்னு. எழுதி வெச்சிருக்கேன்" என்றான். எட்டுப் பக்கம் இருந்தது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போய்க் கேளுங்கள், எழுதி வையுங்கள்.