செம்பனை ஆலை எரிவாயு: சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு முதலீட்டுக் கணக்கு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிறுநகரம் சிம்பாங் ரெங்கம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாமுக்கும் கூலாய்க்கும் நடுவே இருக்கிறது. அன்னாசிக்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்க் காடு. இன்று பெரும்பாலும் செம்பனை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றதும் கூரைமேல் சூரியத் தகடுதான் நினைவுக்கு வரும். ஆனால் தோட்டப்புற ஜொகூரில் அதைவிட முந்தியது, செம்பனை ஆலையின் கழிவுக் குளத்திலிருந்து பிடிக்கும் எரிவாயு. உலகெங்கும் இத்துறை முதலீட்டுக்கு உள்ள வாய்ப்பும் சிக்கலும் அந்தக் குளத்திலேயே தெரிந்துவிடும்.

நூறு டன் பழக்குலை ஆலைக்குள் போனால் எண்ணெயாக வெளிவருவது இருபது டன் அளவே. நாரும் ஓடும் கொதிகலனுக்குப் போகின்றன. அந்த நீராவியிலேயே ஆலை தன் மின்தேவையைப் பார்த்துக்கொள்கிறது. மிஞ்சுவது கழிவுநீர். ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 0.65 கன மீட்டர் வீதம், பழுப்பு நிறத்தில், கை வைக்க முடியாத சூட்டில் வெளியேறும். அதை அப்படியே ஆற்றில் விட்ட காலமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கான 1977 விதிகளும் அதைத் தடுத்தன. கழிவுநீரை வரிசையான திறந்த குளங்களில் தேக்கி, நுண்ணுயிரிகளைக் கொண்டு தெளியவைப்பதுதான் ஆலைகளுக்கு மலிவான வழியாக இருந்தது. ஆறு ஓரளவு பிழைத்தது. ஆனால் குளத்திலிருந்து மீத்தேன் கிளம்பியது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

குளத்தின்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினால் அந்த வாயுவைப் பிடித்துவிடலாம். விரிப்பு உப்பி நிற்பதைக் கொண்டே உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடலாம். ஒரு கன மீட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 28 கன மீட்டர் எரிவாயு தரும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. ஆண்டுக்கு 3 இலட்சம் டன் குலை அரைக்கும் ஆலைக்கு இது 54 இலட்சம் கன மீட்டருக்கு மேல் வரும். கன மீட்டருக்கு 2 யூனிட் என்று வைத்தால் ஒரு கோடிக்கும் அதிகமான யூனிட். யூனிட் 32 சென்னுக்கு விற்றால் ஆண்டு வருமானம் சுமார் 35 இலட்சம் ரிங்கிட். எரிபொருளுக்குக் காசு இல்லை. அப்படியானால் ஏன் எல்லா ஆலைகளும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கவில்லை?

பதில் விலை வரலாற்றில் இருக்கிறது. மலேசியா 2001இல் சிறு புதுப்பிக்கத்தக்க மின்நிலையத் திட்டத்தைத் தொடங்கியபோது மின்வாரியம் தந்த விலை யூனிட்டுக்கு 17 சென்னை ஒட்டியே இருந்தது. 2005க்குள் 500 மெகாவாட் என்பது இலக்கு. மின்கட்டமைப்போடு இணைந்தது 12 மெகாவாட். அடுத்து கியோட்டோ உடன்படிக்கையின் கார்பன் சான்றிதழ்களை நம்பிச் சில ஆலைகள் குளத்தை மூடின. 2008இல் 20 யூரோவை எட்டிய சான்றிதழ் விலை, 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. மூன்றாவதாக வந்த 2011ஆம் ஆண்டுச் சட்டம்தான் உருப்படியானது. எரிவாயு மின்சாரத்துக்கு 16 ஆண்டுகளுக்கு மாறாத விலை என்று எழுதிக் கொடுத்தது. அதற்கான பணம் மின்கட்டணத்தில் 1 விழுக்காடு, 2014 முதல் 1.6 விழுக்காடு கூடுதலாக வசூலிக்கப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்தச் சுமை இல்லை. வங்கிக்காரர் கேட்பதும் இப்படி மாறாத விலை எழுதிய தாளைத்தான்.

இருந்தும் வேலை முடியவில்லை. 2020க்குள் எல்லா ஆலைகளிலும் எரிவாயு பிடிக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். நாட்டிலுள்ள 450க்கும் மேற்பட்ட ஆலைகளில் மூன்றில் ஒரு பங்குகூட அந்த ஆண்டுக்குள் அதைச் செய்யவில்லை. ஆலை இருப்பது தோட்டத்தின் நடுவில். மின்வாரியத்தின் 11 கிலோவோல்ட் துணைநிலையம் பல கிலோமீட்டர் தள்ளி. இடையிலுள்ள கம்பிக்கான செலவு முதலீட்டாளர் தலையில். வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கழுவி எடுக்காவிட்டால் இயந்திரம் அரித்துப் போகும். காய்ப்புக் குறையும் மாதங்களில் குலை வரத்து சரிந்தால் வாயுவும் சரியும்.

சிம்பாங் ரெங்கத்தில் இன்னொரு கழிவும் உண்டு. ஊரின் குப்பைமேட்டிலிருந்து கசிந்த கழிவுநீரால் பெனுட் ஆற்று நீரில் அம்மோனியா கூடி, 2019ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர் சுத்திகரிப்பு ஆலைகளை அடிக்கடி மூட வேண்டியிருந்தது. குப்பைமேட்டு வாயுவிலும் பாதியளவு மீத்தேன்தான். இதே நாட்டின் பூச்சோங்கில் 2004 முதல் அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ஆனால் அடியில் விரிப்பும் மேலே மூடியும் போட்டு முறையாகக் கட்டிய மேட்டில்தான் அது லாபமாகும். திறந்த மேட்டில் வாயு காற்றோடு போய்விடும், கழிவுநீர் ஆற்றோடு போய்விடும்.

இப்போது பெரும் பணம் சூரிய ஒளியை நோக்கித்தான் போகிறது. மலேசியாவின் பெருஞ்சூரிய ஏலத்தில் 2019க்குள்ளாகவே யூனிட் விலை 18 சென்னுக்குக் கீழே வந்துவிட்டது. கூலாய், செடெனாக் பக்கம் எழும் தரவு மையங்களுக்குப் பசுமை மின்சாரம் வேண்டும். 2021இல் சிங்கப்பூருக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் விற்கப் போட்ட தடையை மலேசியா 2023இல் நீக்கியது. ஈராண்டுக்குள் தடையும் நீக்கமும் என்றால், இருபதாண்டுக் கடன் கொடுப்பவர் யோசிக்கத்தான் செய்வார்.

தமிழர் வாழும் மற்ற நாடுகளிலும் இதே கதை. தமிழ்நாட்டின் கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு யூனிட் விலை 7 ரூபாய் 1 காசு. மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லா ஏலம் 2 ரூபாய் 44 காசில் முடிந்தது. விலை கூடிய மின்சாரத்தைக் கொள்முதல் செய்யும் வாரியம், பணம் கொடுக்கத் தாமதிக்கும்; ஆடிக்காற்றில் உற்பத்தி மிகும்போது மின்நிலையத்தை நிறுத்தவும் சொல்லும். இலங்கையில் மன்னார், பூநகரி காற்றாலைகளுக்கு அதானி நிறுவனம் யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் ஒப்புக்கொண்டிருந்தது. புதிய அரசு விலையைக் குறைக்க முனைந்ததும் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. பறவைகள் வலசை வரும் வழி என்று மன்னாரில் வழக்கும் நடந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதே.

உலக அளவில் 2024இல் மட்டும் 585 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க திறன் கூடியது. அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் சீனாவில். உலகத் தூய ஆற்றல் முதலீட்டில் ஆப்பிரிக்கக் கண்டம் பெறுவது ஏறத்தாழ 2 விழுக்காடு. வெயில் அங்கே குறைவில்லை. வட்டிதான் செல்வ நாடுகளைப் போல இரு மடங்குக்கும் அதிகம்.

மலேசியாவில் மாறாத விலைத் திட்டம் தொடங்கியது 2011 டிசம்பர் 1. அடுத்த ஆண்டு மின்சாரம் விற்கத் தொடங்கிய எரிவாயு நிலையங்களின் 16 ஆண்டு ஒப்பந்தம் 2028இல் முடிகிறது. இயந்திரத்தைப் புதுப்பிப்பதா, விரிப்பைச் சுருட்டிவிடுவதா என்பதை அப்போது கிடைக்கும் விலைதான் தீர்மானிக்கும்.