பழவேற்காடும் அதன் அண்டைத் தீவுகளும்

பழவேற்காடு என்பது சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், அதே பெயருடைய உவர்நீர் ஏரி வங்கக்கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த மீனவ ஊராகும். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியதான இவ்வேரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது; தென்முனை மட்டுமே தமிழ்நாட்டில் அடங்குகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான் என்பதால், கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கடல்போல் விரிந்து தோன்றும் பரப்பின் பல இடங்களில் மீனவர் இடுப்பளவு நீரில் நின்றபடியே வலை இழுக்கின்றனர்.

இக்கரையில் பாறைகள் இல்லை. இங்கு ஆபத்து மணலால் வருவது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீர் புகுந்து வெளியேறும் வாயிலான முகத்துவாரம், அலைகள் கொண்டுவந்து சேர்க்கும் மணலால் கோடையில் குறுகி, சில ஆண்டுகளில் அறவே அடைபட்டு, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தால் மீண்டும் உடைத்துக்கொள்கிறது. வாயில் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது நின்றுபோகும். படகுகளும் கடலுக்குப் போக வழியின்றி முடங்கும்.

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நீண்ட மணல்திட்டுகளே இங்குத் தீவுகள் எனப்படுகின்றன. தெற்கே எண்ணூர் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு வரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொற்றலை ஆற்று உப்பங்கழிகளும் சூழக் கிடப்பது காட்டுப்பள்ளித் தீவு. எண்ணூர்ப் பக்கத்தில் அனல்மின் நிலையமும் 2001இல் தொடங்கப்பட்ட காமராசர் துறைமுகமும் அமைந்த பிறகு, தீவின் மேலேயே காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய அத்துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை, மணல் அரிப்பு மிகும் என்று அஞ்சும் பழவேற்காட்டு மீனவர் எதிர்த்து வருகின்றனர். தீவின் வடமுனையில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி லைட் ஹவுஸ் குப்பம், வைரவன் குப்பம், கோரைக்குப்பம் முதலிய ஊர்கள் உள்ளன. பழவேற்காட்டுக்கும் இக்குப்பங்களுக்கும் இடையே பாலம் உண்டு.

முகத்துவாரத்துக்கு வடக்கே தொடங்குவது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. சென்னையில் யானைக்கவுனியை அடுத்த பேசின் பாலம் வழியாக வடக்கு நோக்கிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில், 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும், இத்தீவின் விறகும் ஏரியின் கிளிஞ்சலும் படகேறிச் சென்னைக்கு வந்தன. நகரத்து அடுப்புகள் எரிந்ததிலும் கட்டடச் சுண்ணாம்பு வெந்ததிலும் இத்தீவுக்கும் ஏரிக்கும் இருந்த பங்கு சென்னை வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை. 1969இல் விண்வெளி ஏவுதளத்துக்காகத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபின், அது பொதுமக்கள் விரும்பியபடி நுழைய முடியாத இடமாயிற்று. ஏரியின் நடுவே உள்ள இருக்கம் தீவும், தர்காவால் பெயர்பெற்ற வேணாடும் ஆந்திர எல்லைக்குள் அடங்கும். அவற்றுள் இருக்கத்தின் மக்களுக்குப் படகே போக்குவரத்து.

பழவேற்காட்டின் வரலாற்றில் டச்சுக்காரர் காலமே அதிகம் பேசப்படுகிறது. போர்த்துகீசியரை அடுத்து வந்த டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார் 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கடற்கரை வணிகத்தை இங்கிருந்தே நடத்தினர். வண்ணத் துணிகளுடன் அடிமைகளும் இத்துறையிலிருந்து ஆயிரக்கணக்கில் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றப்பட்டனர் என்பதைச் சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றன. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அகழியின் தடம் மட்டும் தெரிகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் அதைவிட நன்கு எஞ்சியுள்ளது: வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்க, உள்ளே கிடக்கும் பலகைக் கற்களில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் 17ஆம் நூற்றாண்டுக் கைத்திறம் மழுங்காமல் காணப்படுகின்றன. செம்புரைக்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாக அமைந்துள்ளன. மகிமை மாதா ஆலயமும் பழைய பள்ளிவாசல்களும் சற்றுத் தொலைவுக்குள்ளேயே உள்ளன.

ஏரி மீன்பிடிப்பில் குறிப்பிடத்தக்கது பாடு முறை. இறால் மிகுந்து கிடைக்கும் நீர்ப்பகுதிகளை ஊருக்குரிய உறுப்பினர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே பாடு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றின் பட்டினவர் சாதி மீனவர் இதனைக் கடைப்பிடித்து வந்துள்ளனர். தலைக்கட்டு எனப்படும் குடும்பக் கணக்கில் பெயர் உள்ளவர் தம் முறை வரும் நாளில் சுத்து வலை கட்டுவார். நல்ல இடமும் மோசமான இடமும் மாறிமாறி எல்லாருக்கும் வரும். உறுப்பினருக்குள் நியாயமான இம்முறை, அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட பிற சாதி மீனவருக்கு அவ்வாறு தோன்றாததால், பாட்டு உரிமை குறித்த பூசல்கள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன.

பயணிகள் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் ஊரை அடையலாம். பூநாரைகள் வரும் பனிக்காலமே பார்வைக்கு ஏற்ற பருவமாகும். 2011 டிசம்பர் 25 அன்று உலாச் சென்ற படகு முகத்துவாரம் அருகே கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை அடுத்து, ஏரியில் உல்லாசப் படகுப் பயணம் தடைசெய்யப்பட்டது. ராக்கெட் ஏவும் நாள்களில் மீனவர்க்குக் கடல் மூடப்படுகிறது. அன்று கலங்கரை விளக்கத்துக் கடற்கரையில் வேடிக்கை பார்க்கச் சென்னையிலிருந்து வருவோர் கூடுகின்றனர்.