வாயில் வசூலும் வாடிக்கை இரசிகரும்

பினாங்கு அணி மலாயாக் கிண்ணத்தை முதன்முதலாக வென்ற ஆண்டு 1953. மறு ஆண்டிலும், பின்னர் 1958இலும் அவ்வெற்றி மீண்டும் கிட்டியது. அக்கிண்ணம் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய பின்னர், 1974இல் பேராக் அணியை வென்று பினாங்கு அதனை நான்காம் முறையாகக் கைப்பற்றிற்று. அலி பக்கார், ஈசா பக்கார் என்னும் உடன்பிறப்புகளின் ஆட்டத்தை இன்றும் முதியோர் சொல்லிச் சொல்லி மகிழ்வர். வென்றவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைத்துள்ளது. தோல்வியுற்ற மாலைகளிலும் மழையைப் பொருட்படுத்தாது நகர அரங்கத்தின் படிகளில் அமர்ந்திருந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்கள் வாயிலில் கொடுத்த காசோ அணியை வாழவைத்தது.

அந்தக் காசுக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கக் கூட்டமைப்பு 1888இல் தோன்றியது. ஈராண்டுகளுக்குள், 1890இல், நுழைவுக் கட்டணம் 6 பென்சுக்குக் குறையலாகாது என அது விதித்தது. ஒரு கழகம் மற்றொன்றைவிட மலிவாக விற்றுக் கூட்டத்தைக் கவர்தல் கூடாது என்பது நோக்கம். கழகங்களுக்கு அது நன்மையாயிற்று. அந்த 6 பென்சும் இல்லாத தொழிலாளிக்கு மதிலுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது.

பார்ப்பவர் ஏமாற்றப்படுவதாக ஐயுற்றால் என்ன நிகழும் என்பதை 1909இல் கிளாஸ்கோ நகரம் கண்டது. ஸ்காட்லாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகள் சமநிலை கண்டன. ஹாம்ப்டன் திடலில் நடந்த மறு ஆட்டமும் அவ்வாறே முடிந்தது. கூடுதல் நேரம் ஆடுவர் எனக் காத்திருந்த மக்கள், ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறுவதைக் கண்டனர். மூன்றாம் முறையும் கட்டணம் பறிக்கவே இச்சமநிலை என்னும் பேச்சு பரவியது. கலகம் மூண்டது, கட்டணம் வாங்கும் கூண்டுகளுக்கே தீயிட்டனர். அவ்வாண்டில் கிண்ணம் எவருக்கும் வழங்கப்படவில்லை. அவர்களின் ஐயம் உண்மையோ பொய்யோ, தீ வைக்க அவர்கள் தேர்ந்த இடம் எது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

ஒரு நாள் சீட்டு வாங்குபவர் ஓர் ஆட்டத்தைத்தான் வாங்குகிறார். பருவச் சீட்டு வாங்குபவரோ, பந்து உருளுமுன்னரே ஓராண்டு முழுமைக்கும் பணத்தைக் கழகத்தின் கையில் கொடுத்துவிடுகிறார். அணி வெல்லுமா, சிறந்த ஆட்டக்காரர் விற்கப்படுவாரா என்பன எவையும் அவருக்கு அப்போது தெரியா. ஒருவர் பத்து ஆட்டங்களுக்கு நூறு வெள்ளி கட்டினார் என்று கொள்வோம். பருவத்தின் பிற்பகுதியில் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன எனக் கழகம் அவற்றை ஐந்து வெள்ளிக்கு விற்குமானால், முன்பே நம்பிப் பணம் கொடுத்தவர் நம்பியதற்காகவே இரு மடங்கு கொடுத்தவராகிறார். வணிகக் கணக்கில் இதில் குற்றமில்லை. ஆயினும் அவர் உள்ளம் ஆறாது.

இங்கிலாந்தில் இப்பூசல் முற்றியது 1989க்குப் பின்னராகும். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஹில்ஸ்பரோ திடலில் நிகழ்ந்த நெரிசல் இறுதியில் 97 உயிர்களைக் கொண்டது. அதனை ஆராய்ந்த நீதிபதி டெய்லர், 1990இல் அளித்த அறிக்கையில், நின்று பார்க்கும் இடங்களை நீக்கி அனைவருக்கும் இருக்கை அமைக்கப் பரிந்துரைத்தார். அதனால் விலை ஏறவேண்டியதில்லை என்பதும் அவர் கருத்து. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுனும் நிற்குமிடத்துக்கு 4 பவுனும் வாங்கப்பட்டதை அவர் சான்று காட்டினார். கழகங்கள் இருக்கைப் பரிந்துரையை ஏற்றன. விலை பற்றிய கருத்தை மறந்தன.

கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகம் 1991இல் ஒரு கடன்பத்திரத் திட்டத்தை அறிவித்தது. 500 முதல் 975 பவுன் வரை கட்டிப் பத்திரம் பெறவேண்டும். பத்திரம் தந்தது இருக்கையை அன்று. பருவச் சீட்டு வாங்கும் உரிமையை மட்டுமே! சீட்டுக்குத் தனியே பணம் கட்டவேண்டும். தந்தையும் பாட்டனும் நின்ற இடத்திலேயே நின்று வந்த கப்பல்துறைத் தொழிலாளர் குடும்பத்தினர் கொதித்தெழுந்தனர். ஆட்டத்தின் நடுவே திடலுக்குள் இறங்கியவர்களும் உண்டு. பத்திரம் மிகச் சிலரிடமே விலைபோனது. அப்பருவத்தில் அணி கடைசி இடம் பெற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று.

மற்றொரு நிகழ்ச்சி பினாங்கு இளைஞர் பலருக்கும் நினைவிருக்கும். லிவர்பூலின் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காண உணவுக்கடைகளில் நள்ளிரவு கடந்தும் விழித்திருப்போர் இத்தீவில் ஏராளம். அக்கழகம் 2016இல் ஒற்றை ஆட்டத்தின் உச்ச விலையை 77 பவுனாக அறிவித்தது. பிப்ரவரி 6ஆம் நாள் சன்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கையை விட்டெழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டனர். கல்லெறியோ தீயோ இல்லை. காலியான இருக்கைகளே பேசின.

நம் நாட்டிலும் வாயில் வசூல் பெரும் பிளவுக்குக் காரணமாயிற்று. 1921இல் மலாயாக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தொடரை வென்ற சிங்கப்பூர், 1994இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. ஷா ஆலாமில் பகாங்கை 4-0 என அது வென்றபோது, நீரிணையைக் கடந்து வந்த இரசிகர் கூட்டம் அரங்கை நிறைத்திருந்தது. அதன் பின்னர் வாயில் வசூலைப் பங்கிடுவதில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் சிங்கப்பூர்ச் சங்கத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்படவில்லை. சிங்கப்பூர் விலகியது, 1996இல் தனக்கெனத் தனி லீக் தொடங்கியது. பணத்தைக் கொடுத்தவர்களை இரு தரப்பிலும் எவர் கலந்தாலோசித்தனர்?

அதே காலத்தில் வெடித்த சூதாட்ட ஊழல் இதனினும் கொடியது. 126 பேர் விசாரிக்கப்பட்டனர்; 21 பேர் நீக்கப்பட்டனர்; 58 பேர் இடைநீக்கம் பெற்றனர். முடிவு முன்னரே பேசி வைக்கப்பட்ட ஆட்டத்துக்குச் சீட்டு எத்துணை மலிவாயினும் அஃது அநியாய விலையே. அரங்குகளில் கூட்டம் குறைந்ததில் வியப்பில்லை.

பினாங்கு இரசிகருக்கு மற்றொரு செலவும் சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பெருநிலத்தில், செபராங் பிறைப் பகுதியில், 40,000 பேர் அமரத்தக்க பத்து காவான் அரங்கம் எழுந்தது. பெருநில மக்களுக்கு அது அண்மை. ஜார்ஜ் டவுனிலிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ நகர அரங்கத்துக்குச் சென்று பழகியவருக்கோ பாலமும் சுங்கமும் இரவுப் பயணமும் குறுக்கிட்டன. சீட்டில் அச்சிட்ட விலை மாறாமலே ஆட்டத்தின் விலை உயர்ந்துவிட்டது. இரண்டாம் பாலம் பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைத்தது 2014இல்தான். பின்னர் அணி தீவின் பழைய அரங்கத்துக்கே திரும்பி வந்தது. நகரத்தார் மீண்டும் தம் வீட்டிலிருந்து நடந்தே செல்லலாயினர்.